சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், அரசியல்வாதி, எழுத்தாளர் ஆவார். இராஜாஜி என்றும் சி. ஆர். என்றும் பரவலாக அறியப்படுகிறார். சுதந்திர இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பதவி வகித்த ஒரே இந்தியர் இவரே. சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகவும் பின்னர் சென்னை மாநில முதலமைச்சராகவும் பணியாற்றினார். 1954ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்றார்.

இராஜாஜி அரசியல் தலைவராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆயினும் தம் வாழ்வின் முதல் பகுதியில் சேலத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர் இவர். அத்தொழிலில் நல்ல வருமானமும் புகழும் பெற்றிருந்த நிலையில் அதனைத் துறந்தார். நீதிமன்றத்தில் பெற்ற பயிற்சி இவருடைய பிற்கால அரசியலிலும், இவர் இயற்றிய சட்டங்களிலும், அவை எழுப்பிய சர்ச்சைகளிலும் தொடர்ந்து வெளிப்பட்டது.

பிறப்பும் பின்னணியும்

இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டம், ஓசூர் வட்டத்தில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்துள்ளது. தந்தை பெயர் சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார், தாயார் சிங்காரம்மாள். பெற்றோருக்கு இவர் மூன்றாவது மகன்.

ஓசூர் பகுதி மைசூர் பீடபூமியின் விளிம்பில் உள்ளது. 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்த பின் இது ஆங்கிலேயர் வசம் வந்து சேலம் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் எல்லைப் பகுதி இது. மாவட்டத் தலைநகரான சேலத்தைக் காட்டிலும் பெங்களூர் இப்பகுதி மக்களுக்கு அருகில் இருந்தது. இராஜாஜியின் கல்லூரிப் படிப்பு பெங்களூரில் அமைந்ததற்கும் இதுவே காரணம் எனலாம்.

இவருடைய தந்தை தொரப்பள்ளியின் கிராம முன்சீப்பாகப் பணியாற்றினார். அக்காலத்தில் கிராம முன்சீப் என்பவர் நிலவரி வசூல், ஊர்க்காவல் ஆகியவற்றைக் கவனித்ததோடு சிறு தொகை தொடர்பான வழக்குகளைத் தீர்த்து வைக்கும் அதிகாரமும் பெற்றிருந்தார். கடன் வழக்குகளும் வரி நிலுவையும் ஒரு குடியானவனின் வாழ்வை எவ்வாறு பாதிக்கும் என்பதை நேரில் காணக்கூடிய குடும்பச் சூழலில் இராஜாஜி வளர்ந்தார்.

கல்வி

தொரப்பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற பின்னர் இவருடைய குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள அரசுப் பள்ளியில் பயின்று 1891ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். அதன் பின் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1894ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்று 1897ஆம் ஆண்டு சட்டப் படிப்பை நிறைவு செய்தார். அதே ஆண்டில் இவருக்கும் அலர்மேல் மங்கம்மாளுக்கும் திருமணம் நடைபெற்றது. இவர்களுக்கு மூன்று ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் பிறந்தனர். மங்கம்மாள் இளவயதிலேயே காலமானார். இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளாமல் குழந்தைகளைத் தாமே வளர்த்தார்.

சேலத்தில் வழக்கறிஞர் தொழில்

1900ஆம் ஆண்டு இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய பகுதிகள் அக்காலத்தில் சேலம் மாவட்டத்துடன் தொடர்பு கொண்டிருந்தன. நிலத் தகராறு, கடன், கொலை, கொள்ளை எனப் பலவகை வழக்குகள் சேலம் நீதிமன்றங்களுக்கு வந்தன. இராஜாஜி குறிப்பாகக் குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார். சில ஆண்டுகளிலேயே சேலத்தின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

சேலத்து வழக்கறிஞர்களிடையே பொதுப்பணியில் ஈடுபடும் மரபு ஏற்கெனவே இருந்தது. இம்மரபின் முன்னோடி சி. விஜயராகவாச்சாரியார் ஆவார். 1882ஆம் ஆண்டு சேலத்தில் நடந்த கலவரத்தைத் தூண்டியதாக இவர் மீது குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்து விடுதலை பெற்ற இவர், தம்மை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியதை எதிர்த்தும் வழக்குத் தொடர்ந்து வென்றார். பின்னர் 1920ஆம் ஆண்டு நாகபுரியில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். அரசின் நடவடிக்கையையே நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்க முடியும் என்பதற்கு விஜயராகவாச்சாரியார் வாழும் சான்றாக இருந்தார். இளம் வழக்கறிஞரான இராஜாஜி இவரிடம் மதிப்புக் கொண்டிருந்தார். பால கங்காதர திலகரின் கருத்துகளும் இராஜாஜியை ஈர்த்தன. 1906ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் 1907ஆம் ஆண்டு சூரத்திலும் நடைபெற்ற காங்கிரசு மாநாடுகளில் இவர் கலந்துகொண்டார்.

1911ஆம் ஆண்டு சேலம் நகராட்சி உறுப்பினரான இராஜாஜி, 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகப் பணியாற்றினார். இவர் காலத்தில்தான் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முறையாகச் சேலம் நகராட்சி உறுப்பினரானார். 1916ஆம் ஆண்டு அறிவியல் சொற்களுக்குத் தமிழில் ஈடான சொற்களை உருவாக்கும் நோக்குடன் ஒரு சங்கத்தை இவர் அமைத்தார். இயற்பியல், வேதியியல், தாவரவியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்கு இச்சங்கம் கலைச்சொற்களை ஆக்கியது. தமிழ்க் கலைச்சொல்லாக்க வரலாற்றில் இது ஒரு முன்னோடி முயற்சியாகும்.

இக்காலத்தில் விடுதலைப் போராட்ட வீரர் பி. வரதராஜுலு நாயுடு மீது அரசத்துரோக வழக்குத் தொடரப்பட்டபோது இராஜாஜி அவருக்காக வாதாடினார். ஈரோடு நகராட்சியில் தலைவராக இருந்த ஈ. வெ. இராமசாமியுடன் இவருக்கு நட்பு ஏற்பட்டதும் இதே காலத்தில்தான். பெரியார் காங்கிரசில் சேர்ந்ததில் இராஜாஜிக்குப் பங்கு உண்டு.

சென்னைக்குக் குடிபெயர்தல்

1919ஆம் ஆண்டு தொடக்கத்தில் இராஜாஜி சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். தி இந்து நாளிதழின் ஆசிரியர் கஸ்தூரி ரங்க ஐயங்கார் முதலிய நண்பர்கள் இவரைச் சென்னைக்கு அழைத்தனர். உயர் நீதிமன்றம் அமைந்த நகரில் தொழிலை விரிவாக்குவதும் பொதுவாழ்வில் ஈடுபடுவதும் நோக்கமாக இருந்தன. கஸ்தூரி ரங்க ஐயங்காருக்குச் சொந்தமான கதீட்ரல் சாலை வீட்டில் இவர் குடியேறினார்.

அவ்வாண்டு மார்ச் மாதம் மகாத்மா காந்தி சென்னைக்கு வந்தபோது அவ்வீட்டில் தங்கினார். தாம் கஸ்தூரி ரங்க ஐயங்காரின் விருந்தினர் என்றே காந்தி முதலில் எண்ணியிருந்தார். உண்மையில் தமக்கு விருந்தளிப்பவர் அமைதியாக ஒதுங்கி நின்ற இராஜாஜிதான் என்பதை இரண்டு நாட்களுக்குப் பின்னரே மகாதேவ தேசாய் மூலம் அறிந்துகொண்டார்.

அப்போது நாட்டில் பெரும் எதிர்ப்பை எழுப்பியிருந்தது ரௌலட் சட்டம். இச்சட்டம் ஒருவரை விசாரணையின்றிக் காவலில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. நடுவர் குழு இல்லாத தனி நீதிமன்றங்களையும், மேல்முறையீடு இல்லாத தீர்ப்புகளையும் இது கொண்டுவந்தது. வழக்கறிஞர் ஒருவருக்கு இச்சட்டத்தின் பொருள் எளிதில் விளங்கும்: வாதாடுவதற்கு இடமே இல்லாத நீதிமுறை அது. நாடு முழுவதும் ஒரு நாள் வேலை நிறுத்தமும் உண்ணாநோன்பும் கடைப்பிடிக்கலாம் என்ற எண்ணம் காந்திக்கு இராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோதே தோன்றியது. அது ஏப்ரல் 6, 1919 அன்று நடைபெற்றது.

தொழிலைத் துறத்தல்

1920ஆம் ஆண்டு காங்கிரசு ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்றது. பட்டங்களைத் துறத்தல், சட்டமன்றம், அரசுப் பள்ளி, அந்நியத் துணி ஆகியவற்றைப் புறக்கணித்தல் ஆகியவற்றோடு, வழக்கறிஞர்கள் ஆங்கிலேயர் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பதும் அதன் திட்டமாக இருந்தது. மோதிலால் நேரு, சித்தரஞ்சன் தாஸ், வல்லபாய் படேல், இராஜேந்திர பிரசாத், த. பிரகாசம் முதலியோர் தொழிலைக் கைவிட்டனர். இராஜாஜியும் தம் தொழிலைத் துறந்தார்.

இம்முடிவு பல வழக்கறிஞர் குடும்பங்களை வறுமையில் தள்ளியது. தொழிலை விட்டவர்களுக்கு உதவத் தனி நிதி திரட்டப்பட்டது. இயக்கம் தளர்ந்த பின்னர் பலர் மீண்டும் நீதிமன்றம் சென்றனர். ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு இருந்தும் இராஜாஜி மீண்டும் தொழிலுக்குத் திரும்பவில்லை. சென்னைக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இவர் தொழில் முடிவுக்கு வந்தது.

1921ஆம் ஆண்டு டிசம்பரில் தடையுத்தரவை மீறியதற்காக இராஜாஜி கைது செய்யப்பட்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். நீதிமன்றப் புறக்கணிப்பின்படி இயக்கத்தினர் தம் மீதான வழக்குகளில் எதிர்வாதம் செய்வதில்லை. பிறருக்காக இருபது ஆண்டுகள் வாதாடிய இவர் தமக்காக வாதாடவில்லை. வேலூர்ச் சிறையில் இவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. விடுதலை கிடைத்தாலும் உடனே நல்லாட்சி வந்துவிடாது என்றும், ஊழலும் அநீதியும் செல்வர்களின் ஆதிக்கமும் நாட்டை வருத்தக்கூடும் என்றும் அதில் இவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் உற்பத்தி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை ஆசிரமத்தின் பணிகளாயின. மதுவிலக்குப் பிரசாரத்திற்காக விமோசனம் என்னும் இதழை நடத்தினார். எழுத்தாளர் கல்கி இதில் இவருக்கு உதவியாக இருந்தார்.

மீண்டும் நீதிமன்றத்தில்

தொழிலைத் துறந்த பின்னரும் இராஜாஜி ஒரு வழக்கில் வாதாடியது குறிப்பிடத்தக்கது. 1920களின் நடுப்பகுதியில் திருப்பதிப் பகுதியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பக்தர் ஒருவர் கோயிலுக்குள் சென்று வழிபட்டார். கோயிலைத் தீட்டுப்படுத்தி இந்து சமயத்தை அவமதித்ததாக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, கீழ் நீதிமன்றத்தில் தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கின் மேல்முறையீட்டில் இராஜாஜி அவருக்காகச் சித்தூர் நீதிமன்றத்தில் முன்னின்றார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி ஒரு சமயத்தை அவமதிக்கும் நோக்கம் இருந்தால்தான் அச்செயல் குற்றமாகும். கடவுளை வணங்க வந்தவரிடம் அத்தகைய நோக்கம் இருந்தது எனக் கொள்வது கடினம். மேல்முறையீட்டில் தண்டனை நீக்கப்பட்டது. நீதிமன்றத்தைப் புறக்கணித்த ஒருவர் மீண்டும் அங்கே சென்றது முறையா என்ற கேள்வி எழக்கூடியதே. ஆனால் காந்தி தம் யங் இந்தியா இதழில் இவ்வழக்கைக் குறித்து எழுதி இராஜாஜியின் செயலை ஆதரித்தார்.

ஒருவர் விடுவிக்கப்பட்டதனால் கோயில் கதவு ஏனையோருக்குத் திறந்துவிடவில்லை. வழக்கின் மூலம் ஒரு மனிதரைக் காப்பாற்றலாம். வழக்கத்தை மாற்றச் சட்டம் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

உப்புச் சத்தியாகிரகம்

1930ஆம் ஆண்டு காந்தியின் தண்டி யாத்திரையைப் பின்பற்றி இராஜாஜி தமிழகத்தில் உப்புச் சத்தியாகிரகத்தை நடத்தினார். ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் புறப்பட்டுத் தஞ்சை மாவட்டம் வழியாக வேதாரண்யம் சென்றார். தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என மாவட்ட ஆட்சியர் எச்சரித்திருந்தும் மக்கள் பல வழிகளில் உதவினர். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியபோது இராஜாஜி கைது செய்யப்பட்டார்.

முதன்மை அமைச்சர் (1937–1939)

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு வெற்றி பெற்றதைத் தொடர்ந்து, ஜூலை 14 அன்று இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். இவருடைய ஆட்சியில் நிறைவேறிய முக்கியச் சட்டங்கள் பின்வருமாறு:

மதுவிலக்குச் சட்டம்: 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இவர் பிறந்த ஓசூர்ப் பகுதியும் அம்மாவட்டத்தில் அடங்கும். பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கு இது விரிவாக்கப்பட்டது. மது வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939ஆம் ஆண்டு பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகை வரிக்கு இது முன்னோடியாகும்.

விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் (1938): உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள்களின் விலை வீழ்ந்து, உழவர்கள் பெருங்கடனில் மூழ்கியிருந்தனர். 1932 அக்டோபர் 1க்கு முன் பெறப்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதையும் இச்சட்டம் தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரு மடங்கு தொகையை ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அக்கடன் முற்றிலும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. ஒப்பந்தத்தின் புனிதத்தை இது குலைக்கிறது எனக் கடன் கொடுத்தோர் எதிர்த்தனர். கடன் பத்திரங்களையும் ஈட்டு வழக்குகளையும் நன்கறிந்த வழக்கறிஞர் ஒருவரே இச்சட்டத்தை முன்னின்று நிறைவேற்றியது கருதத்தக்கது.

சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் (1938): பொதுக் கிணறு, சாலை, போக்குவரத்து முதலியவற்றில் தாழ்த்தப்பட்டோருக்கு இருந்த தடைகளை நீக்கும் இச்சட்டத்தை எம். சி. ராஜா கொண்டுவந்தார், அரசு அதனை ஆதரித்தது.

ஆலயப் பிரவேசச் சட்டம் (1939): ஜூலை 8, 1939 அன்று அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். இதற்காக அவர்கள் மீதும் கோயில் அலுவலர்கள் மீதும் வழக்குத் தொடரப்படும் நிலை இருந்தது. இராஜாஜியின் அரசு உடனே அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, பின்னர் அதனை முறையான சட்டமாக்கியது. கோயில்களைத் திறந்துவிட அறங்காவலர்களுக்கு அதிகாரம் அளித்ததோடு, ஏற்கெனவே திறந்துவிட்டவர்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் இச்சட்டம் அளித்தது. சித்தூர் நீதிமன்றத்தில் ஒரு பக்தருக்காக வாதாடி ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், அத்தகைய வழக்குகளே எழாதிருக்க இவர் வழி செய்தார்.

எனினும் 1938ஆம் ஆண்டு எம். சி. ராஜா கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவை இராஜாஜி ஆதரிக்கவில்லை. முதலில் மலபாருக்கு மட்டும் பொருந்தும் சட்டம் போதும் என்பது இவருடைய நிலைப்பாடு. பொதுமக்கள் கருத்து கனியும் முன் சட்டம் செய்தால் அது நிலைக்காது என இவர் கருதினார். நீதியைத் தவணை முறையில் அளிப்பது நீதியாகாது என்பது இதனை எதிர்த்தவர்களின் வாதமாக இருந்தது.

இந்தி எதிர்ப்பும் விமர்சனமும்

1938ஆம் ஆண்டு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. பெரியார், மறைமலையடிகள் முதலியோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். பெரியாரும் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையில் இருந்தபோது நோய்வாய்ப்பட்ட நடராசன், தாளமுத்து ஆகிய இளைஞர்கள் 1939ஆம் ஆண்டு உயிரிழந்தனர்.

மறியல் செய்தோர் மீது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் பயன்படுத்தப்பட்டது. இது சத்தியாகிரகிகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்த சட்டம். காங்கிரசே முன்பு இதனை எதிர்த்திருந்தது. ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் பொதுவாழ்வில் முழுமையாக இறங்கிய ஒருவர், ஆட்சியில் அமர்ந்தபின் அடக்குமுறைச் சட்டத்தைக் கையாண்டது இவர் மீதான நீங்காத விமர்சனமாக உள்ளது. உலகப்போரில் இந்தியாவை ஈடுபடுத்தியதை எதிர்த்து 1939 அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. பிற்காலத்தில் இராஜாஜி தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்தார்.

தேசியப் பதவிகள்

1942ஆம் ஆண்டு, முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு காண வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தியதால் காங்கிரசிலிருந்து விலகினார். 1944ஆம் ஆண்டு இவர் முன்வைத்த உடன்பாட்டுத் திட்டம் இராஜாஜி திட்டம் எனப்பட்டது. இத்திட்டத்தின் அடிப்படையில் காந்தி, ஜின்னா இடையே நடந்த பேச்சுவார்த்தை தோல்வியடைந்தது. பின்னர் மீண்டும் காங்கிரசுக்குத் திரும்பிய இவர், 1946ஆம் ஆண்டு அமைந்த இடைக்கால அரசில் அமைச்சரானார்.

நாடு விடுதலை பெற்ற பின் இவர் வகித்த பதவிகள்:

மேற்கு வங்காள ஆளுநர் – ஆகஸ்ட் 1947 முதல் ஜூன் 1948 வரை
இந்தியத் தலைமை ஆளுநர் – ஜூன் 21, 1948 முதல் ஜனவரி 26, 1950 வரை
மத்திய உள்துறை அமைச்சர் – டிசம்பர் 1950 முதல் 1951 இறுதிப் பகுதி வரை
சென்னை மாநில முதலமைச்சர் – ஏப்ரல் 10, 1952 முதல் ஏப்ரல் 13, 1954 வரை

உள்துறை அமைச்சராக இருந்தபோது 1951ஆம் ஆண்டு தடுப்புக் காவல் சட்டத்தின் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தார். இச்சட்டம் விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்க இடமளித்தது. காவலில் வைக்கப்படும் அனைவரது வழக்குகளும் ஆலோசனைக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற பாதுகாப்பை இத்திருத்தம் சேர்த்தது. எனினும் சட்டத்தின் அடிப்படை மாறவில்லை. அதே ஆண்டில் நிறைவேறிய பத்திரிகைச் சட்டமும் இதழாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது.

முதலமைச்சராக (1952–1954)

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இராஜாஜி தேர்தலில் போட்டியிடாமல், சட்ட மேலவைக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். சட்டப்படி இதற்குத் தடை இல்லை எனினும் மக்களாட்சி முறைக்கு இது ஏற்றதன்று என்ற விமர்சனம் எழுந்தது.

பதவியேற்ற சில வாரங்களில் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டு முறையையும் நீக்கினார். தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தார். 1953ஆம் ஆண்டு இவர் அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டம் மாணவர்கள் அரை நாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வகை செய்தது. இது சாதிமுறையை நிலைநிறுத்தும் குலக்கல்வித் திட்டம் எனத் திராவிட இயக்கத்தினரும் காங்கிரசில் ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். எதிர்ப்பு வலுத்ததால் 1954ஆம் ஆண்டு பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராசர் இத்திட்டத்தைக் கைவிட்டார்.

சுதந்திராக் கட்சி

1950களில் தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு அடிப்படையாக அமைந்தது. 1956ஆம் ஆண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாகபுரியில் கூடிய காங்கிரசு கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இப்போக்கை எதிர்த்து இராஜாஜி அதே ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். மினு மசானி, என். ஜி. ரங்கா முதலியோர் இவருடன் இணைந்தனர்.

உரிமம், அனுமதி, ஒதுக்கீடு ஆகியவற்றால் நடக்கும் ஆட்சியை இராஜாஜி தொடர்ந்து கண்டித்தார். அதிகாரியின் கையெழுத்தைச் சார்ந்து தொழில் நடந்தால் ஊழல் பெருகும் என்பது இவருடைய வாதத்தின் சாரம். சொத்துரிமையைக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தங்களை இவருடைய கட்சி எதிர்த்தது. பெருமுதலாளிகளுக்கும் முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கும் சார்பான கட்சி என்ற குறை இதன்மீது சொல்லப்பட்டது. மக்களவைத் தேர்தலில் இக்கட்சி 1962இல் 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் வென்றது. தமிழகத்தில் 1967ஆம் ஆண்டு திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்தது.

1962ஆம் ஆண்டு அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்த வலியுறுத்தும் காந்தி அமைதி நிறுவனக் குழுவின் தலைவராக அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். 1971ஆம் ஆண்டு தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, முதுமையையும் பொருட்படுத்தாமல் முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் சந்தித்து அதனைக் கைவிடுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

இலக்கியப் பணி

இராஜாஜி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். மகாபாரதத்தை வியாசர் விருந்து என்னும் பெயரிலும், இராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகன் என்னும் பெயரிலும் எளிய உரைநடையில் வழங்கினார். சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்கு 1958ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. சிறுகதைகளும், கீதை, உபநிடதம் பற்றிய விளக்க நூல்களும் எழுதியுள்ளார்.

மறைவு

இராஜாஜி டிசம்பர் 25, 1972 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தமது 94ஆம் வயதில் காலமானார். அரசியலில் நெடுங்காலம் இவரை எதிர்த்து நின்ற பெரியார், தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் வந்து இறுதி நிகழ்ச்சியில் கலந்துகொண்டு கண்ணீர் விட்டார்.

நினைவுச் சின்னங்கள்

தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீடு தமிழக அரசால் நினைவு இல்லமாகப் பராமரிக்கப்படுகிறது. சென்னை கிண்டியில் இவருக்கு நினைவாலயம் உள்ளது. உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள இராஜாஜி தேசியப் பூங்கா இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

ஓசூரில் 1970களில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டையை அமைத்தது. அதைத் தொடர்ந்து வாகனம், கடிகாரம், இயந்திர உறுப்புகள் முதலியவற்றை உருவாக்கும் ஆலைகள் பெருகின. 1991ஆம் ஆண்டு மத்திய அரசு பெரும்பாலான தொழில்களுக்கு உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஓசூர் 2019ஆம் ஆண்டு மாநகராட்சியாயிற்று. கிராம முன்சீப்பின் மகன் பிறந்த சிற்றூர் இன்று கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு பெரிய தொழில் வட்டாரத்தின் அருகில் அமைந்துள்ளது.